மாரடைப்பும் குருதியிலுள்ள சீனியும்

மாரடைப்பு என்றதும் நம் மனத்தில் எழுவது இருதயம். சலரோகம் என்றதும் நாம் நினைப்பது சீனி. இவ்விரண்டையும் இருவேறு நோய்களாகவும், இருவேறு வைத்தியர்களின் பொறுப்பாகவும் கருதுவது நம்மிடையே வழக்கம். ஆயின், மாரடைப்பு ஏற்பட்ட ஒருவர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டதும் செய்யப்படும் முதற் சோதனைகளுள் ஒன்று, அவருடைய குருதியில் ஒரு துளியை எடுத்து அதிலுள்ள சீனியின் அளவைப் பார்ப்பதாகும். அந்த அளவு உயர்ந்து காணப்பட்டால், கட்டிலருகே நிற்கும் உறவினர் திகைப்படைகின்றனர். "இவருக்குச் சீனி வருத்தம் ஒருநாளும் இருந்ததில்லையே! இஃது எப்படி வந்தது?" என்று கேட்கின்றனர். "அதிர்ச்சியினால் ஏறியிருக்கும், இரண்டு நாளில் இறங்கிவிடும்" என்று பக்கத்தில் நிற்பவர் ஒருவர் ஆறுதல் கூறுகின்றார்.

அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் உண்மையானது? மாரடைப்பு நேரத்தில் உயர்ந்து நிற்கும் சீனி நோயாளியின் உயிருக்கு எதனை அறிவிக்கின்றது? அதனை மருந்தினால் விரைந்து இறக்கிவிட்டால் உயிர் காக்கப்படுமா? இந்த மூன்று வினாக்களையே இன்றைய பேச்சிற்குப் பொருளாக எடுத்துக்கொண்டுள்ளேன்.

முதலில், மாரடைப்பு யாதென்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இருதயம் ஒரு தசை. உடலெங்கும் குருதியைச் செலுத்தும் அத்தசைக்கும் குருதி வேண்டும். அதனை அளிப்பவை இருதயத்தின் மேற்பரப்பிலே முடிபோலச் சூழ்ந்து கிடக்கும் நாடிகள். ஆதலால் அவற்றை முடியுருநாடிகள் என்பர். இந்நாடிகளின் உட்சுவரிலே பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து வருகின்றது. ஒருநாள் அப்படிவு வெடிக்கின்றது. வெடித்த இடத்திலே குருதி உறைந்து கட்டியாகி, வழியை அடைத்துவிடுகின்றது. வாய்க்கால் அடைபட்டால் அதன் கீழுள்ள வயல் வாடுவதுபோல, அந்நாடியினாற் போஷிக்கப்பட்ட தசைப்பகுதி ஒட்சிசன் இன்றி வாடுகின்றது. நேரஞ் செல்லச் செல்ல இறந்துபடுகின்றது. இதுவே மாரடைப்பு.

இனிச் சீனியைப் பற்றி. குருதியிலுள்ள சீனி என்று நாம் பேச்சுவழக்கிற் கூறுவது குளுக்கோசு என்னும் பொருளையே. எட்டு மணி நேரம் உணவின்றி இருந்த நலமுள்ள ஒருவரின் குருதியிலே, ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோசு இருக்கும். அவ்வாறு உணவின்றி இருந்தும் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ காணப்பட்டு, மறுமுறை சோதித்தபோதும் அவ்வாறே இருந்தால், அவருக்குச் சலரோகம் உண்டு என்று வைத்தியர்கள் முடிவு செய்வர். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைச் சலரோகத்தின் வாசற்படி எனலாம். சில ஆய்வுகூடங்கள் இந்த அளவை மில்லிமோல் என்னும் வேறோர் அலகிலே தருகின்றன. அவ்வாறு தரப்பட்ட எண்ணை 18 ஆற் பெருக்கினால் மில்லிகிராம் அளவு கிடைக்கும். நான் இனிக் கூறப்போகும் எண்களையெல்லாம் மில்லிகிராமிலேயே கூறுவேன்.

உடலுக்கு ஓர் இடுக்கண் நேரும்போது குருதியிற் சீனி உயர்கின்றது என்பது புதிய செய்தி அன்று. பிரான்ஸ் தேசத்தின் உடற்றொழிலியல் அறிஞர் குளோட் பெர்னாட், 1849ஆம் ஆண்டிலே முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியாற் குத்தியபோது, அம்முயலின் சிறுநீரிலே சீனி தோன்றக் கண்டார். சீனி உண்ணாத விலங்கின் உடலிற் சீனி எங்கிருந்து வந்தது? ஈரலிலிருந்து வந்தது என்பதை அவருடைய ஆராய்ச்சிகளே உலகிற்குக் காட்டின. ஈரல் தன்னிடத்தே கிளைக்கோசன் என்னும் உருவிற் சீனியைச் சேமித்து வைத்திருக்கின்றது என்பதையும் அவரே பின்னர் கண்டறிந்தார். மாரடைப்பு நோயாளரின் சிறுநீரிலே சீனி காணப்படும் செய்தியும் 1931ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எடுத்துரைக்கப்பட்டது.

இது நிகழும் முறையைச் சிறிது விளக்குவோம். விளைந்த நெல்லைக் கொம்பறையிற் சேர்த்து வைத்துப் பஞ்ச காலத்திலே திறந்து எடுப்பது நம் உழவர் வழக்கம். ஈரலும் ஒரு கொம்பறை போன்றதே. நெஞ்சிலே கடுநோவும் மூளையிலே அச்சமும் தோன்றியவுடன், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்களைக் குருதியிலே கொட்டுகின்றன. சதையியிலிருந்து குளுக்ககோன் சுரக்கின்றது. இவை மூன்றும் ஈரலாகிய கொம்பறையின் கதவைத் திறந்துவிடுகின்றன. குளுக்கோசு பெருகி வருகின்றது. அதே நேரத்தில், குளுக்கோசைத் தசைகளுக்குள் ஏற்றுவதற்கு வேண்டிய இன்சுலினின் சுரப்பை அதிரினலின் தடுக்கின்றது. சுரந்த இன்சுலினும் தன் வேலையைச் செவ்வனே செய்ய முடியாமற் போகின்றது. வருவாய் மிகுந்து, செலவு குறைந்தால் இருப்பு ஏறுவது இயல்பன்றோ?

எனவே, "அதிர்ச்சியினால் ஏறியது" என்னும் சொல்லிலே உண்மை உண்டு. ஆயின் அது பாதி உண்மையே. அந்தப் பாதி உண்மையோடு நாம் நின்றுவிடும்போதுதான் ஆபத்துத் தொடங்குகின்றது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அதிரினலின் மிகும்போது உடலிலுள்ள கொழுப்பும் கரைந்து கொழுப்பமிலங்களாகக் குருதியிற் கலக்கின்றது. ஒரே அளவு வலுவைப் பெறுவதற்கு, குளுக்கோசை எரிப்பதைவிடக் கொழுப்பமிலத்தை எரிப்பதற்கு இருதயத்திற்குக் கூடுதலான ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனுக்குத் தவிக்கும் இருதயத்திற்கோ குளுக்கோசே உகந்த எரிபொருள். ஆயின், இன்சுலின் குறைவினால் குருதியிலே குளுக்கோசு நிறைந்திருந்தும் அது போதிய அளவு உள்ளே நுழைய முடிவதில்லை. வெள்ளம் சூழ்ந்த ஊரிலே குடிநீர் இல்லாத நிலையை இஃது ஒக்கும். அன்றியும், மிகுந்த சீனி குருதிச் சிறுதட்டுக்களை ஒட்டுந்தன்மை உடையனவாக்கிக் குருதி உறைவதைத் தூண்டுகின்றது. நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவரையும் நலியச் செய்கின்றது. பெருநாடியின் அடைப்பை வைத்தியர்கள் திறந்த பின்னரும், நுண்குழாய்களிற் குருதி தடையின்றி ஓடாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி, இந்த எண் நோயாளரின் முடிவைப் பற்றி எதனைக் கூறுகின்றது என்று பார்ப்போம். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அதுவரை செய்யப்பட்ட 15 ஆய்வுகளை ஒருங்கே சேர்த்து நோக்கி, 2000ஆம் ஆண்டிலே லான்செற் என்னும் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். சலரோகம் உண்டென்று முன்னரே அறியப்பட்ட நோயாளருள், மாரடைப்புடன் வந்தபோது சீனி 180 அல்லது 198 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருந்தவர்கள் வைத்தியசாலையில் இறக்கும் வாய்ப்பு, அந்த எல்லைக்குட்பட்டோரைவிட 1.7 மடங்காக இருந்தது. சலரோகம் இல்லை என்று கருதப்பட்டவர்களிடையே நிலைமை யாது? அவர்களுட் சீனி 110 முதல் 144 வரையான எல்லையைத் தாண்டியவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஏனையோரைவிட 3.9 மடங்காக இருந்தது.

நேயர்களே, இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கே சீனியால் ஆபத்து அதிகம் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சீனி வருத்தம் இல்லை என்று எண்ணியிருந்தவரிடத்தே, அதுவும் குறைந்த ஓர் எல்லையைத் தாண்டிய அளவிலேயே, உயர்ந்த சீனி கூடுதலான எச்சரிக்கையைத் தருகின்றது. இது விந்தையாகத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் விந்தை அன்று.

சலரோகம் உள்ள ஒருவர் அன்றாடமே 180 மில்லிகிராமுடன் நடமாடுபவராக இருக்கலாம். மாரடைப்பு நாளிலே 190 காணப்பட்டால், அது அவருக்குப் பெரிய ஏற்றம் அன்று. நேற்று வரை 90 மில்லிகிராமுடன் இருந்த ஒருவருக்கு இன்று 190 காணப்பட்டால், அவருடைய உடல் எத்துணைப் பெரிய தாக்குதலுக்கு உள்ளாகியிருக்க வேண்டும்! தசை அதிகமாக இறந்திருந்தால் ஓமோன்களின் எழுச்சியும் அதிகமாக இருக்கும். சீனியும் அதற்கேற்ப ஏறும். ஆகவே, இவ்விடத்திற் சீனியின் உயர்வு காயத்தின் பருமனை அளந்து காட்டும் அளவுகோலாகின்றது. இது முதலாவது காரணம்.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. "சலரோகம் இல்லாதவர்" என்று நாம் எழுதி வைத்தவர்களுள், உண்மையிலேயே சலரோகம் இல்லாதவர் எத்தனை பேர்? சோதிக்கப்படாமையால் இல்லாதவராகக் கொள்ளப்பட்டவர் எத்தனை பேர்? இந்த வினாவிற்குச் சுவீடன் தேசத்து வைத்தியர்கள் 2002ஆம் ஆண்டிலே விடை அளித்தனர். மாரடைப்பினால் அனுமதிக்கப்பட்டவர்களுள், சலரோகம் இருப்பதாக முன்னர் அறியப்படாத 181 பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். வீடு திரும்பும் வேளையில், குளுக்கோசு கரைத்த நீரைப் பருகக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தின் பின் குருதியைச் சோதித்தனர். நூற்றுக்கு 31 பேருக்குச் சலரோகம் இருந்தது. மேலும் 35 பேர் நான் முன்னே கூறிய வாசற்படியில் நின்றனர். இரண்டையுங் கூட்டினால், மூவரில் இருவருக்குச் சீனியைக் கையாளும் ஆற்றல் குறைந்திருந்தது என்பது விளங்கும்.

"இதுவும் அதிர்ச்சியின் விளைவாக இருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். அந்த வைத்தியர்களும் அதனை எண்ணிப் பார்த்தனர். ஆகையால் மூன்று மாதங் கழித்து மீண்டும் சோதித்தனர். அப்பொழுதும் நூற்றுக்கு 25 பேருக்குச் சலரோகமும், 40 பேருக்கு வாசற்படி நிலையும் காணப்பட்டன. மூன்று மாதத்தின் பின் அதிர்ச்சி எங்கே இருக்கின்றது? மாரடைப்பு இந்தக் குறையை உண்டாக்கவில்லை. பல ஆண்டுகளாக மறைந்திருந்த குறையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அந்தக் குறையே முடியுருநாடிகளைச் சிறிது சிறிதாகக் கெடுத்து, மாரடைப்புக்கு வழி செய்தவற்றுள் ஒன்றாகவும் இருந்திருக்கும். இவ்வாறு குறை காணப்பட்டவர்களுக்கே பிற்காலத்தில் மீண்டும் மாரடைப்பு முதலியன நேரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் அந்த ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டிலே எடுத்துக் காட்டினர்.

ஆகவே உயர்ந்த சீனி இரண்டு செய்திகளைக் கொண்டுவரும் தூதுவன். இருதயத்திற் பட்ட காயம் பெரிது என்பது ஒரு செய்தி. மறைந்திருந்த சலரோகம் இருக்கக்கூடும் என்பது மற்றொரு செய்தி. ஒருவரிடத்தே இவ்விரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். உயர்ந்த சீனியை இறக்கிவிட்டால் நோயாளி பிழைப்பாரா? இந்த வினாவிற்கு விடை காண்பதற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் பாடுபட்டிருக்கின்றது. மெக்சிக்கோ நாட்டு இருதய வைத்தியர் சோதி பல்லாரெஸ் 1962ஆம் ஆண்டிலே, குளுக்கோசு, இன்சுலின், பொற்றாசியம் மூன்றையும் கலந்து நாளத்தின் வழியே செலுத்தினால் நலிந்த இருதயத்தசை தேறும் என்னும் கருத்தை வெளியிட்டார். அதன் பின்னர் சுவீடனில் 19 வைத்தியசாலைகளைச் சேர்ந்த வைத்தியர்கள் டிகாமி என்னும் பெயரால் ஓர் ஆய்வை நடத்தினர். மாரடைப்புடன் வந்து, குருதியிற் சீனி 198 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருந்த 620 பேரை இரு பகுதியினராகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு முதல்நாள் முழுவதும் குளுக்கோசுடன் இன்சுலினை நாளத்தின் வழியே செலுத்தி, பின் மூன்று மாதமேனும் நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் ஊசி ஏற்றினர். மறு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையே அளிக்கப்பட்டது. ஓராண்டின் முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 26 பேரும், இன்சுலின் பெற்றவர்களுள் நூற்றுக்கு 19 பேரும் இறந்திருந்தனர். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு பெரும் நம்பிக்கையைத் தந்தது. ஏறக்குறைய மூன்றரை ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது இறந்தோர் தொகை முறையே நூற்றுக்கு 44, 33 என இருந்தது. நம்பிக்கை மேலும் வலுத்தது.

ஆனால், ஒரு நம்பிக்கையை மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானத்தின் அறம். 2005ஆம் ஆண்டில் இரண்டாவது டிகாமி ஆய்வு வெளிவந்தது. இம்முறை 1,253 பேரை மூன்று பகுதியினராக்கினர். மூன்று பகுதியினரிடையேயும் இறப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூன்று பகுதியினரின் சீனி அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிட்டமை அதற்கு ஒரு காரணம். ஆயினும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எந்த மருந்தினால் ஆயினும் ஆகுக, சீனி உயர்ந்து நின்றவர்களுக்கே முடிவு தீதாயிற்று.

அதே ஆண்டில், இந்தியா, சீனா உள்ளிட்ட பல நாடுகளைச் சேர்ந்த 20,201 மாரடைப்பு நோயாளரிடத்தே குளுக்கோசு, இன்சுலின், பொற்றாசியக் கலவையைச் சோதித்த முடிவும் வெளியாயிற்று. முப்பது நாளுக்குள் இறந்தோர், கலவை பெற்றவர்களுள் நூற்றுக்கு 10.0, பெறாதவர்களுள் 9.7. பயன் ஒன்றும் இல்லை. கலவையிலிருந்த குளுக்கோசினால், அதனைப் பெற்றவர்களின் குருதியிற் சீனி முதல்நாளில் மற்றவர்களினதைவிட உயர்ந்தே நின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது.

"அப்படியாயின் சீனியை இன்னுங் கண்டிப்பாக இறக்கினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அதற்கும் விடை கிடைத்தது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளிலே தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் பலவகை நோய்களுடன் கிடந்த 6,104 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2009ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஒரு பகுதியினரின் சீனியை 81 முதல் 108 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்த முயன்றனர். மற்றப் பகுதியினருக்கு 180 மில்லிகிராமுக்கு மேற்போகாமற் பார்த்துக்கொண்டனர். கண்டிப்பாக இறக்கப்பட்ட பகுதியினருள் நூற்றுக்கு 27.5 பேரும், மற்றப் பகுதியினருள் 24.9 பேரும் மூன்று மாதத்துள் இறந்தனர். சீனி அபாயகரமாகக் கீழிறங்கிய நிலை, முன்னையோருள் நூற்றுக்கு 6.8 பேருக்கும், பின்னையோருள் 0.5 பேருக்கும் மாத்திரமே ஏற்பட்டது. நன்மை செய்யும் எண்ணத்துடன் மேற்கொண்ட கண்டிப்பே ஆயிரம் பேரில் இருபத்தாறு உயிர்களை மேலதிகமாகக் கொண்டு சென்றது.

சீனி மிகக் குறைந்தால் நேரும் தீங்கு யாது? மூளை தன் தொழிலுக்குக் குளுக்கோசையே பெரிதும் நம்பியிருக்கின்றது. அது குறைந்தால் மயக்கமும் வலிப்பும் வரலாம். சீனி குறைந்தவுடன் உடல் மீண்டும் அதிரினலினைக் கொட்டுகின்றது. அதனால் இருதயம் படபடக்கின்றது. நாடித்துடிப்பின் ஒழுங்கு கெடுகின்றது. காயம்பட்ட இருதயத்துக்கு இஃது இரண்டாவது அடி.

இந்த அனுபவங்களிலிருந்து மருத்துவ உலகம் ஒரு நடுவழியைக் கண்டுள்ளது. மாரடைப்பு நோயாளிக்கு முதற்கடமை அடைபட்ட நாடியைத் திறப்பதே. உறைகட்டியைக் கரைக்கும் மருந்தினாலோ, நாடிக்குள் நுண்குழாயைச் செலுத்தி அடைப்பை விரித்துக் கம்பிவலைக் குழாயைப் பொருத்துவதாலோ அது செய்யப்படுகின்றது. சீனியைப் பார்த்துக்கொண்டு அந்த வேலையைத் தாமதப்படுத்துதல் ஆகாது. அதனோடு கூடவே, சீனி 180 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் அதனை அளவாக இறக்குதல் வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே செல்லாதபடி காத்தலும் வேண்டும். ஐரோப்பிய இருதயவியற் கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிலே காணப்படும் கருத்து இதுவே. தூதுவன் கொண்டுவந்த செய்தியைக் கவனியாமல் விடுவது தவறு. செய்தி தீதாயிருக்கின்றது என்பதற்காகத் தூதுவனை அடித்து வீழ்த்துவதும் பயன் தராது.

நேயர்களே, வைத்தியசாலையில் நடப்பது வைத்தியர்களினதும் தாதியர்களினதும் பொறுப்பு. அதற்கு முன்னரும் பின்னரும் நடக்க வேண்டியவை நம் பொறுப்பு. அவற்றுட் சிலவற்றைக் கூறி முடிக்க விரும்புகின்றேன்.

முதலாவது, சலரோகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு எப்பொழுதும் நெஞ்சுநோவுடன் வருவதில்லை. நெடுநாட் சலரோகம் நரம்புகளைக் கெடுத்துவிடுவதால், நோவை உணரும் ஆற்றல் குறைந்திருக்கும். காரணமின்றி வியர்த்தல், மூச்சு முட்டுதல், திடீரென்ற களைப்பு, குமட்டல் என்பனவே அறிகுறிகளாகலாம். இவற்றை வாய்வு என்றெண்ணி இஞ்சியும் சோடாவும் குடித்துக் காலங் கழித்தல் ஆபத்து. இன்சுலின் ஏற்றும் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டினால், சீனி குறைந்ததாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். வீட்டிலே சோதிக்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். சீனி குறைந்திருந்து அவர் நினைவுடனும் இருந்தால் இனிப்பான நீர் கொடுக்கலாம். நினைவு தவறியவருக்கு வாயில் எதனையும் ஊற்றுதல் கூடாது. எப்படியாயினும் உதவி அழைப்பதைத் தாமதியாதீர்கள். 2016ஆம் ஆண்டிலே தொடங்கிப் பின்னர் தீவெங்கும் விரிவாக்கப்பட்ட 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, நோயாளி உட்கொள்ளும் சீனி மருந்துகளின் பெயரையும், கடைசியாக எப்பொழுது உட்கொண்டார் என்பதையும் வைத்தியரிடம் கூறுங்கள். மருந்துகளையே கையோடு எடுத்துச் செல்வது மேலும் நன்று. நாடியைப் படம் பிடிப்பதற்குச் சாயம் ஏற்றும்போது, மெற்போமின் போன்ற சில மாத்திரைகளைச் சிறிது காலம் நிறுத்த வேண்டி வரலாம். அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். அவர் அதனை அறிந்திருக்கச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

மூன்றாவது, இதுவே இப்பேச்சின் சாரம் எனலாம். மாரடைப்பு நாளிலே சீனி உயர்ந்திருந்தது என்று கூறப்பட்டால், அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பும்போது தரப்படும் நோய் விபரக் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். வீடு சேர்ந்தபின் சீனி இறங்கிவிட்டது என்பதற்காக அதனை மறந்துவிடாதீர்கள். சில வாரங்களின் பின், கிளினிக்கிற்குச் செல்லும் நாளிலே, உணவின்றி இருந்து குருதியைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். குளுக்கோசு நீர் பருகிச் செய்யும் சோதனை வேண்டுமா என்றும் வைத்தியரைக் கேளுங்கள். உணவின்றிச் செய்யும் சோதனையிலே தப்பிவிடும் குறையை அது காட்டிக்கொடுக்கும். கடந்த இரண்டு மூன்று மாதங்களிற் சீனி எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் ஈமோகுளோபின் ஏ1சி என்னும் சோதனையும் உண்டு. அது 6.5 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலரோகம் என்று கொள்வர். மாரடைப்பு நாளின் பரபரப்பு அந்த எண்ணைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆகவே, அதிர்ச்சி எது, பழைய நோய் எது என்று பிரித்தறிய அது துணை செய்யும்.

நம் நாட்டிலே இதற்கு இடம் மிகுதி. 2005, 2006ஆம் ஆண்டுகளிலே, போர்ச் சூழலினால் வடக்கு, கிழக்கு நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களிலும் செய்யப்பட்ட ஆய்விலே, இருபது வயதுக்கு மேற்பட்டோருள் பத்தில் ஒருவருக்குச் சலரோகம் காணப்பட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர், தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இவ்வாறு அறியாதிருப்பவர்களுட் சிலருக்கு, அந்நோயைப் பற்றிய முதற் செய்தி மாரடைப்புக் கட்டிலிலேயே கிடைக்கின்றது. அந்தச் செய்தி கிடைத்தும் அதனைக் கேளாது விட்டால், அடுத்த செய்தி இன்னொரு மாரடைப்பாக வரக்கூடும்.

கேட்டவர்களுக்கோ வழி உண்டு. உணவிலே சீனியையும் மாப்பொருளையும் அளவாக்குதல், நாள்தோறும் நடத்தல், புகைத்தலை அறவே விடுதல், குருதியமுக்கத்தையும் கொலஸ்திரோலையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியன பழைய அறிவுரைகளே ஆயினும் பயன் குன்றாதவை. புதிய மருந்துகளும் வந்துள்ளன. இருதய நோயும் சலரோகமும் சேர்ந்திருந்த 7,020 பேரிடம் எம்பாகிளிபுளோசின் என்னும் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருதய, குருதிக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு, நூற்றுக்கு 5.9 இலிருந்து 3.7 ஆகக் குறைந்திருந்தது. இத்தகைய மருந்துகள் யாருக்கு ஏற்றவை என்பதை வைத்தியரே கூற வல்லவர். சலரோகம் தமக்கு உண்டு என்பதை அறிந்துகொண்டவருக்கே இவற்றின் பயன் கிட்டும் என்பதை மாத்திரம் நான் நினைவூட்ட விரும்புகின்றேன்.

ஆகவே, மாரடைப்பு நாளிலே ஏறிய சீனியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதனை அற்பமென்று தள்ளவும் வேண்டாம். "அதிர்ச்சியினால் ஏறியது" என்று யாரேனும் கூறினால், "அப்படியாயின் அதிர்ச்சி தீர்ந்தபின் மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம்" என்று மறுமொழி கூறுங்கள். அந்த ஒரு சோதனை ஒரு குடும்பத்தின் தலைவரையோ தலைவியையோ இன்னும் பல்லாண்டு வாழச் செய்யக்கூடும்.